கலப்பை சுற்றிப்போன இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்துப் பண்ணை எல்மா ஒருநாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“நீ கதை எழுதுவியாமே கோதை. உங்க பாஷையில. அதை இங்க யாரும் படிக்க மாட்டாங்கல்ல?”

“ஒருத்தரும் மாட்டாங்க.”

“அப்ப இதை எழுது. அவனை ராட்சசன் ஆக்கிடாத. என்னையும் புனிதவதி ஆக்கிடாத. எனக்குக் கோவம் இன்னும் போகல.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். இது ஐந்தாவது பிரதி. முதல் நான்கும் கெட்டுப்போனது ஏன் என்பதை இடையிடையே சொல்கிறேன். அதையும் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

(ஒரு குறிப்பு. அபர்டீன்ஷயரில், டான் ஆற்றின் இந்தக் கரையில், பாதிரியாரிலிருந்து மாட்டு வியாபாரி வரை எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முந்தைய ஒரு பிரதியில் எல்மாவின் கணவன் இன்னஸுக்கு ‘அவர்’ போட்டேன். படித்துப் பார்த்தால் கோட்டும் சூட்டும் போட்ட யாரோ வந்து உட்கார்ந்திருந்தார். அதனால் ‘அவன்’. மரியாதைக் குறைவு இல்லை. அவர்கள் பேச்சும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை. தெற்கேயிருந்து வருகிறவர்கள் முழிப்பார்கள். அதை என் காதில் விழுந்த மாதிரி, என் பேச்சில் எழுதியிருக்கிறேன். இங்கே கல்யாணம் கட்டி வந்து, பெற்ற மகளைக் கட்டிக்கொடுக்கும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது. அவ்வளவு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.)

2

முதல் பிரதியின் தொடக்கம் இது:

“ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, பனிமூட்டம் கலையாத ஒரு காலையில், அந்த மனிதன் கல்லின் முன் மண்டியிட்டு உளியை—”

நிறுத்திவிட்டேன். அந்த மனிதனை எனக்குத் தெரியாது. மண்டியிட்டானோ, சம்மணம் போட்டானோ, ஆணோ பெண்ணோ. ரோமர்கள் அந்த மக்களுக்குப் பிக்ட் என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் சாயம் பூசியவர்கள் என்று அர்த்தமாம். தங்களை அவர்கள் என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் மொழியில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் ஊர்ப் பெயர்களும் அரசர்களின் பெயர்களும்தான். அப்படிப்பட்ட ஒருவனின் கையில் உளியைக் கொடுத்து, அவன் மனத்துக்குள்ளும் நுழைந்து பேசுவது சரியாகப் படவில்லை.

இரண்டாம் பிரதி: “நான் ஒரு கல்.” சீ.

மூன்றாவதில்தான் புத்தி வந்தது. உள்ளதைச் சொல்வோம்.

கல் இன்னஸ் குரூக்ஷாங்கின் மேற்கு வயலில் நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே. சீராக்காத முரட்டுக் கல். கிழக்குப் பார்த்த முகத்தில் ஒரு பிறை வெட்டியிருக்கிறது. பிறைமேல் முறிந்த அம்பு போல இரண்டு கோடுகள். அதற்குக் கீழே ஒரு சால்மன் மீன். அதற்கும் கீழே, சின்னதாக, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு சீப்பு. இதே குறிகள் இந்த வடகிழக்கு முழுக்க வேறு வேறு கல்லில், வேறு வேறு ஜோடியாக இருக்கின்றன. பெயர்களாக இருக்கலாம் என்கிறார்கள். எல்லைக் கல் என்கிறார்கள், கல்லறை என்கிறார்கள். இதுவரை யாரும் வாசிக்கவில்லை.

கல்லைச் சுற்றி முட்டை வடிவத்தில் கொஞ்சம் புல்தரை. அதற்கு வெளியே பார்லி. குதிரை பூட்டி உழுத காலத்திலிருந்து டிராக்டர் காலம் வரை, இந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் கல்லுக்குக் கிட்டே வந்ததும் கலப்பையை வளைத்து ஓட்டியிருக்கிறார்கள். பயபக்தி ஒன்றும் இல்லை. கொழு உடையும் என்பதுதான்.

3

தோண்ட வந்தவள் பெயர் எய்ல்சா. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கிறாள். உறைபனியில் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. மீனின் வால் பாதி போயிருந்தது. கல்லைக் கூரைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று பேச்சு எழுந்தது. எடுப்பதற்கு முன் சுற்றிலும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். மண்ணுக்குள் பார்க்கும் கருவியை இழுத்துக்கொண்டு எய்ல்சா வயலில் நடந்தபோது, கல்லைச் சுற்றிச் சதுரமாக ஒரு பழைய அகழி கருவியில் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குள் உழவு படாமல் தப்பியது புல்தரை மட்டும்தான். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அனுமதி கேட்க வந்த அன்றைக்கு நானும் எல்மாவின் சமையலறையில் இருந்தேன்.

“கல்லைச் சுத்தி மட்டும்தான் மிஸ்டர் குரூக்ஷாங்க். பார்லியில கால் வைக்க மாட்டோம்.”

“கல்லுக்கு என்னம்மா கேடு?” என்றான் இன்னஸ். “எங்கப்பன் காலத்துல நின்னுச்சு. எனக்கப்புறமும் நிக்கும். எங்க ரெண்டு பேர்ல நான்தான் முதல்ல சாய்வேன்.”

“நீ சாயறதுக்குள்ள தோண்டட்டுமே,” என்றாள் எல்மா. “எதைக் கேட்டாலும் இவனுக்கு முதல்ல வாயில வர்றது ‘வேண்டாம்’தான் எய்ல்சா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னான்.”

எல்லோரும் சிரித்தோம். இன்னஸும் சிரித்தான்.

“இன்னொரு வருஷம் போகட்டும்,” என்றான்.

“ஏன்? என்ன ஆகும் அடுத்த வருஷம்? மீனுக்குப் புது வால் முளைக்குமா? போடு கையெழுத்தை.”

பண்ணை இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. எல்மா முதலில் போட்டாள். வேண்டாம் என்பதற்கு அவனால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. அவனும் போட்டான்.

4

நான்காம் பிரதி இன்னஸால் கெட்டது. அதில் அவனை வாய் திறக்காத, இறுகிய முகத்துக் குடியானவனாக எழுதியிருந்தேன். ரகசியத்தைச் சுமக்கிறவன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று என் கை எப்படியோ முடிவு செய்துவிட்டது. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதிலும் இன்னஸைப் போல வாயாடி கிடையாது. நான் வந்த புதிதில், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “உங்க ஊர்ல இதைக் குளிர்காலம்னு சொல்லுவீங்களா புள்ள? நாங்க இதை ஜூன் மாசம்னு சொல்லுவோம்,” என்றவன். சாவு வீட்டிலும் அவனைச் சுற்றி நாலு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே ரகசியம் மனிதனை ஊமையாக்கும் என்று எழுதாதே என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவனை அது

[வாக்கியத்தை விட்டுவிட்டேன். இவனை அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.]

தோண்டல் நடந்த நாட்களில் அவன் தினமும் வந்து குழியின் ஓரத்தில் நின்றான். மாணவர்களைக் கேலி செய்தான். “அந்தக் கரண்டியால நீ தோண்டி முடிக்கிறதுக்குள்ள பிக்ட் ஜனங்களே திரும்பி வந்துடுவாங்க,” என்பான். கல்லின் வடக்கே நீளமான ஒரு பழங்கல்லறை தெரிந்தபோது, தலையை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். தோண்டல் தெற்குப் பக்கம் திரும்பியதும் அவன் பேச்சுக் குறைந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் நான் எதையும் கவனிக்கவில்லை. நான் குனிந்து மண் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

5

தெற்குப் பக்கத்துப் புல்லை நீக்கியது நான்தான். ஊர்க்காரர்கள் சிலர் உதவிக்குப் போயிருந்தோம், அதில் ஒருத்தி. புல்லுக்குக் கீழே பிக்ட் மக்கள் பரப்பிய உருளைக்கற்கள் வரிசையாக வந்தன. ஓரிடத்தில் கற்கள் இல்லை. அங்கே மண் கறுப்பாக இருந்தது. நாலு மூலையும் நேராக. என் கை நீளம்கூட இல்லை.

“குழந்தைக் கல்லறை!” என்று கத்தினான் ஒரு மாணவன். எல்லோரும் ஓடி வந்தார்கள். கல்லின் அடியில் ஒரு பிக்ட் குழந்தை என்றால் சின்ன விஷயமா?

எய்ல்சா மட்டும் குழிக்குள் இறங்கினாள். மண்டியிட்டு ஓரத்தை விரலால் தடவினாள். அந்தப் பள்ளம் புல்வேருக்குச் சற்றுக் கீழேயிருந்தே இறங்கியது. பழங்கற்களை விலக்கி, அவற்றுக்குப் பின்னால் வந்த யாரோ வெட்டியது. பக்கவாட்டில் மண்வெட்டியின் தடம் தெளிவாக இருந்தது. ஒரு மூலையில் பித்தளைத் திருகாணியின் தலை. அவள் எழுந்து, “எல்லாரும் போய் டீ குடிங்க,” என்றாள். குரலில் ஏதோ இருந்தது, உடனே போனார்கள். என்னால் குழியிலிருந்து சட்டென்று எழ முடியவில்லை. அதனால் நான் அங்கே இருந்தேன்.

“இன்னஸ்,” என்றாள். மிஸ்டர் போய்விட்டிருந்தது. “இது பழசு இல்ல. உங்க காலத்துது. யார் வெட்டினாங்கன்னு தெரியுமா?”

“நாய்,” என்றான்.

“நாயா?”

“நாயைப் பொதைச்சேன். டெஸ்னு ஒண்ணு இருந்துச்சு. நல்ல நாய்.”

எல்மா கூடை நிறைய வெண்ணெய் ரொட்டியோடு வயலில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்துக்குக் கொண்டுவருவாள். கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது.

“டெஸ்ஸா? டெஸ் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி கெடக்கு. எல்லா நாயும் அங்கதானே கெடக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “மறந்துட்டியா? நான்தானே மண்ணு தள்ளினேன்.”

இன்னஸின் பார்வை குழியிலேயே இருந்தது.

எல்மா குழியைப் பார்த்தாள். அந்தக் கறுப்பு மண்ணின் அளவைப் பார்த்தாள்.

“எந்த நாய், இன்னஸ்?”

“நாய் இல்ல.”

கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். ரொட்டியின் மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

“அவளா?”

6

இதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. எல்மா சொன்னதை வைத்து எழுதுகிறேன். இன்னஸும் ஒருமுறை, வேலி அடித்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கொஞ்சம் சொன்னான்.

கல்யாணமான மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் எல்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தது. நகரத்து ஆஸ்பத்திரி. மயக்கத்தில் இருந்தாள். விழித்தபோது குழந்தை அறையில் இல்லை. பெண் என்று மட்டும் சொன்னார்கள். பார்க்கக் கேட்டாள்; பார்க்காமலிருப்பதே நல்லது என்றார்கள். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். இன்னஸைத் தனியே அழைத்து, குழந்தையை நாங்களே அடக்கம் செய்துவிடுகிறோம், நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்று ஓரிடம் இருக்கிறது, மனைவியிடம் இதைப் பற்றிப் பேசாதே, சீக்கிரம் மறந்துவிடுவாள் என்றார்கள்.

இன்னஸ் தன் குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு பனியில் வண்டியை ஓட்டி வந்தான். ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் ஊர் பேசும், பேச்சு எல்மாவின் காதுக்குப் போகும். தன் நிலத்தில் எங்கே வைத்தாலும் ஒருநாள் உழவு வரும். உழவு வராத இடம் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார்கள் என்று எல்மாவிடம் சொன்னான். அவள் படுக்கையிலிருந்து எழுந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தான். எழுந்தாள். ஆடுகள் குட்டி போடும் காலம் வந்தது. விதைப்பு வந்தது.

(இந்த இடத்தில் முன்பு ஒரு பத்தி இருந்தது. ஒரு பொய் எப்படி வளர்கிறது என்று விளக்கி, அழகான வார்த்தைகளில். எடுத்துவிட்டேன். விதைப்பு வந்தது, அவ்வளவுதான்.)

எல்மா மறக்கவில்லை. விசாரித்து, நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு புல்வெளி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பூவோடு அங்கே போனாள். வண்டி ஓட்டியது இன்னஸ். அவள் போய்விட்டு வரும்வரை அவன் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

பொய்யைக்கூட எல்மா பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். வண்டியைத்தான் பொறுக்க முடியவில்லை.

“நீ ஓட்டினே,” என்று கேட்டாளாம். “ஒவ்வொரு வருஷமும் நீதான் ஓட்டினே. எறங்கி வந்து கதவைத் தொறந்து விட்டே. ‘பாத்துப் போ, வழுக்கும்’னு சொன்னே. யாரோட புல்லுக்கு நான் பூ வெச்சேன்?”

“அங்கயும் குழந்தைங்க இருந்துச்சு எல்மா. யாரும் வராத குழந்தைங்க. அதுங்களுக்காவது கெடைக்குதேன்னு நெனச்சுக்குவேன்.”

“அப்பத்தான் டீ கெட்டிலைத் தூக்கி எறிஞ்சேன்,” என்றாள் என்னிடம். “பட்டிருக்கணும். குனிஞ்சுட்டான்.”

மனித உடல் என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், எய்ல்சா சொன்னாள். ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு, சொந்த நிலத்தில் தகப்பன் செய்த அடக்கம், குற்றமாக ஒன்றும் தெரியவில்லை என்று போனான். போகும்போது எல்மாவின் கையைப் பிடித்து, “எங்கம்மாவுக்கும் ஒண்ணு அப்படி,” என்றானாம்.

7

இனி கல்லைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யாராலும் வாசிக்க முடியாத குறிகள், யாருக்கும் தெரியாத குழந்தை: இரண்டையும் முடிச்சுப் போட்டால் கட்டுரை தானாக வளரும். ஐந்து பக்கம் எழுதவும் செய்தேன். பிறகு எல்மாவே அந்தக் கேள்வியை எய்ல்சாவிடம் கேட்டாள் என்பது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் போதும்.

“அந்தக் கண்ணாடியும் சீப்பும் இருந்தா, பொம்பளைன்னு அர்த்தமாமே?”

“அப்படிச் சொல்றவங்க இருக்காங்க,” என்றாள் எய்ல்சா. “எனக்குத் தெரியாது எல்மா. ஆமான்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு புரியுது. ஆனா தெரியாது.”

எல்மா தலையாட்டினாள். “சரி. நீயாவது என்கிட்ட தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னியே.”

வடக்கே இருந்த பழங்கல்லறையைப் பற்றியும் எய்ல்சா சொன்னாள். பெரியவர் ஒருவருடையதாக இருக்கலாம். அமிலம் மிகுந்த மண், எலும்பைத் தின்றுவிட்டது, உடம்பு கிடந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும் மண்ணில் படிந்திருக்கிறது. மூன்றாம் பிரதியில், இதைக் கேட்டதும் எல்மா, “அப்ப அவ தனியா இல்ல,” என்று சொன்னதாக எழுதியிருந்தேன். எல்மா அப்படிச் சொல்லவில்லை. “சின்னதுலயும் அப்படித்தான் ஆகியிருக்குமா?” என்று கேட்டாள். எய்ல்சா, “ஆமா, ஏறக்குறைய,” என்றாள்.

முடிவெடுக்க வேண்டியது எல்மாதான் என்றாள் எய்ல்சா. பள்ளத்தை அப்படியே மூடிவிடலாம். அல்லது கையால் திறந்து, கிடைப்பதை மண்ணோடு எடுத்துக் கோயில் தோட்டத்தில் பெயர் பொறித்து வைக்கலாம். அதுவரை பலகை போட்டு மூடி வைக்கிறேன், அவசரமில்லை. கல்லை எடுத்துப்போவதும் அதுவரை நிற்கட்டும்.

8

முடிவுகள்.

முதலாவது. அறுவடை முடிந்த வயலில் இரண்டு பேரும் கைகோத்து வருகிறார்கள். எல்மா பூ வைக்கிறாள். இன்னஸ் அழுகிறான், அவள் அவன் தோளில்—

இல்லை. அந்தக் கைகள் கோக்கவில்லை. எல்மா அப்போது மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தாள். இன்னஸுக்குச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். அவனுடைய கேலிப் பேச்சை ஊரில் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது. எல்மா பெட்டி கட்டிக்கொண்டு எல்கினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். கல்லும் போகிறது. காலியான வயலில் இன்னஸ் மட்டும். இந்த முடிவில் தண்டனை சரியாக விழுகிறது. சில வாசகர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எல்மா உண்மையிலேயே பெட்டியைக் கட்டினாள். பிறகு அவிழ்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “மாட்டுக்கு யாரு தீனி வைக்கிறது?” என்றாள். அதுதான் காரணமா என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாவது நான் பார்த்தது.

பார்லி அறுத்து முடிந்திருந்தது. பலகையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று எய்ல்சா என்னைக் கூப்பிட்டிருந்தாள். இன்னஸ் வண்டிப் பாதை வழியாக வந்தான். எல்மா அறுத்த தாளை மிதித்துக்கொண்டு வயலின் குறுக்கே வந்தாள். அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். எய்ல்சாவும் நானும் பலகையை எடுத்தோம். கறுப்பு மண் ஈரமாக இருந்தது. எல்மா மண்டியிட்டாள். கை நீட்டினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது.

“இன்னஸ்,” என்றாள். அத்தனை நாளில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். “தலை எந்தப் பக்கம்?”

எய்ல்சா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் என்ன கேட்டாள் என்பது எங்கள் நாலு பேருக்கும் புரிந்தது. மூடியிருந்த பெட்டி அது. தலை எந்தப் பக்கம் என்று அவன் சொன்னால், வழியில் எங்கோ வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்திருக்கிறான். எல்மாவுக்குக் கிடைக்காத முகத்தை அவன் பார்த்திருக்கிறான், இத்தனை காலமும் அதைத் தனக்கு மட்டும் வைத்திருந்திருக்கிறான். தெரியாது என்று சொன்னால், குழந்தையைப் பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

இன்னஸ் சொன்னான். எனக்குக் கேட்டது. எல்மாவின் கை எங்கே போய்த் தங்கியது என்பதையும் பார்த்தேன்.

அதை எழுதிப் பார்த்தேன். எந்தப் பதிலை எழுதினாலும் நீங்கள் அவனுக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவீர்கள். ராட்சசன் என்றோ, பாவம் என்றோ. நான் எழுதாமல் விடுகிறேன். நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டாம். பள்ளத்தின் இந்தப் பக்கம் வாருங்கள், அவன் நின்ற இடத்துக்கு. காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிறது. அவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். கை இன்னும் அந்தரத்தில் இருக்கிறது.

சொல்லுங்கள்.